செட்டிப்பாளையத்துத் துறவியும் ஒரு ஜாஸ் இசைத்தட்டும்

1971 பிப்ரவரி 21. நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் நிதி திரட்டுவதற்காக ஒரு கச்சேரி. மேடையில் இரண்டு சாக்ஸஃபோன், இரண்டு டபுள் பாஸ், இரண்டு டிரம்ஸ். கூடவே ஹார்மோனியமும் தம்புராவும். நடுநாயகமாக ஹார்ப்புடன் ஆலிஸ் கோல்ட்ரேன். இம்பல்ஸ் நிறுவனம் கச்சேரியை ஒலிப்பதிவு செய்தது, ஆனால் வெளியிடவில்லை. 53 ஆண்டுகள் கழித்து, 2024-ல்தான் அது முழுமையான இசைத்தட்டாக வந்தது. வந்ததும் உலகெங்கும் ஜாஸ் ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

அந்த நிதி சுவாமி சச்சிதானந்தாவின் யோகா நிலையத்துக்காகத் திரட்டப்பட்டது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் பிறந்து, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் அருகில் இருந்து பணி செய்தவர் அவர். உலகம் இன்று தேடித்தேடிக் கேட்கும் பழைய ஜாஸ், ஃபங்க், ஃப்யூஷன் இசைத்தட்டுகளின் வரலாற்றில் தமிழ் மண்ணுக்கு நேரடிப் பங்கு உண்டு. அந்தப் பங்கு என்ன, மறந்துபோன இசை எப்படித் திரும்பி வருகிறது, நம்முடையது திரும்பி வர என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

அண்ணாமலையிலிருந்து அமெரிக்காவுக்கு

1914-ல் பிறந்த சச்சிதானந்தாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ராமசாமி. திருமணமாகி இரண்டு மகன்கள் பிறந்த பின் மனைவி இறந்துபோனார். அதன் பிறகு அவர் மனம் ஆன்மிகத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பியது. திருப்பராய்த்துறை ராமகிருஷ்ண தபோவனத்தில் இருந்தார். ரமணாசிரமத்துக்கு வந்து மகரிஷிக்குப் பணிவிடை செய்தார். 1949-ல் ரமணரின் கையில் வந்த புற்றுக்கட்டிக்கு அடுத்தடுத்து அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வேதனையைப் பார்த்துத் தாங்க முடியாமல் அவர் ரிஷிகேசம் சென்றார். அங்கே பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் அதே ஆண்டில் அவருக்குச் சந்நியாசம் அளித்து, சச்சிதானந்தா என்று பெயரிட்டார்.

பிறகு இலங்கையில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1966-ல் ஓவியர் பீட்டர் மேக்ஸின் அழைப்பில் நியூயார்க் போனார். வியட்நாம் போரும் போதைப்பழக்கமும் அமெரிக்க இளைஞர்களை அலைக்கழித்த காலம் அது. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவைக் காவி உடையில் தொடங்கிவைத்தவர் இவர்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு ஜாஸ் மேதை தன் இசைத்தட்டுக்கு இவர் பெயரை வைத்தார்.

துயரத்திலிருந்து பிறந்த இசை

ஆலிஸ் 1937-ல் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். தேர்ந்த பியானோ கலைஞர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 20-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த சாக்ஸஃபோன் கலைஞர்களில் ஒருவர். இந்திய இசைமீது ஜானுக்குத் தீராத ஈர்ப்பு. 1961-ல் ‘இந்தியா’ என்ற பெயரிலேயே ஓர் இசைக்கோவையைப் பதிவு செய்தார். ஒரு மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார்.

1967 ஜூலையில் ஜான் 40 வயதில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். நான்கு குழந்தைகளோடு தனித்து நின்ற ஆலிஸ், உறக்கம் இழந்தார், உடல் மெலிந்தார். ஜான் ஆசையாக வரவழைத்த ஹார்ப் அவர் இறந்த பிறகே வீடு வந்து சேர்ந்தது. அதை ஆலிஸ் தானே கற்றுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். இந்த நாட்களில்தான் பாஸ் கலைஞர் விஷ்ணு வுட் அவரை சச்சிதானந்தாவிடம் அழைத்துச் சென்றார். அங்கே கிடைத்த ஆறுதலின் இசை வடிவம்தான் 1971-ல் வெளிவந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’.

தமிழ்க் காதுக்கு என்ன கேட்கும்?

இந்த இசைத்தட்டின் பெரும்பகுதி நியூயார்க்கை அடுத்த டிக்ஸ் ஹில்ஸில் இருந்த கோல்ட்ரேன் வீட்டு ஸ்டுடியோவில் பதிவானது. மொத்தம் ஐந்து உருப்படிகள். முதல் உருப்படியைப் போட்டதும் கேட்பது தம்புராவின் சுருதி. வாசிப்பவர் பெயர் துளசி. அந்தச் சுருதியின்மேல் செசில் மெக்பீயின் டபுள் பாஸ் சில ஸ்வரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஹார்ப்பின் நரம்புகள் மேலும் கீழுமாகப் புரண்டு ஓடுகின்றன. சலங்கை மணிகள் ஒலிக்க, ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸஃபோன் அவசரமில்லாமல் உள்ளே வருகிறது.

சுருதி மாறுவதில்லை. ஒரே ஸ்வரக்கட்டுக்குள் நின்று, அதைத் துருவித் துருவி விரிப்பதுதான் இசை. இதை ஜாஸ் உலகில் ‘மோடல் ஜாஸ்’ என்பார்கள். கச்சேரியில் ராக ஆலாபனை கேட்டுப் பழகியவருக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஜாஸ் புரியாது என்று ஒதுங்கி நிற்கும் தமிழ் ரசிகர், உள்ளே நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. இரண்டாவது உருப்படியின் பெயர் ‘சிவலோகா’. மூன்றாவதான ‘ஸ்டாப் ஓவர் பாம்பே’, சச்சிதானந்தாவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போக ஆலிஸ் ஆயத்தமான ஐந்து வாரப் பயணத்தைக் குறிக்கிறது.

ஜாஸ், ஃபங்க், ஃப்யூஷன்: என்ன வேறுபாடு?

மூன்றுக்கும் வேர் கறுப்பின அமெரிக்கர்களின் இசை. ஜாஸின் உயிர் மனோதர்மம். மெட்டு ஒரு புறப்பாடு மட்டும்தான். கலைஞர் அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிக்க வேண்டும். ஃபங்க் தாளத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. 1960-களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவினரை ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் அழுத்தி இறங்கச் சொன்னார். நம் தாளத்தில் சமத்துக்கு உள்ள இடம் அங்கே அந்த முதல் தட்டுக்கு. பாஸ் கிடாரும் டிரம்ஸும் அதைச் சுற்றிப் பின்னும். ஃப்யூஷன் என்பது ஜாஸின் கற்பனையோடு ராக் இசையின் மின்கருவிகளும் பிற நாட்டு மரபுகளும் கலந்தது. 1970-ல் வந்த மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ அதன் பெரிய திருப்புமுனை.

அந்த இசைத்தட்டில் கிடார் வாசித்த ஜான் மெக்லாக்லின் பின்னர் தொடங்கிய குழுதான் ‘சக்தி’. மின்கருவிகளை ஒதுக்கிவைத்த ஃப்யூஷன் அது. வயலின் எல்.சங்கர், கடம் டி.எச்.விநாயக்ராம், தபேலா ஜாகிர் உசேன். தொடக்கத்தில் மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். 1976, 1977-ல் மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டுவிட்டுக் குழு ஓய்ந்தது. இசைத்தட்டு நிறுவனத்தார் எதிர்பார்த்த அளவுக்கு விற்பனை இல்லை. அவைதான் இன்று உலகெங்கும் தாள வாத்தியக் கலைஞர்களுக்குப் பாடப்புத்தகம். 2023-ல் புதிய தலைமுறையோடு ‘சக்தி’ வெளியிட்ட ‘திஸ் மொமன்ட்’ அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. அதில் கஞ்சிரா வாசித்த செல்வகணேஷ், விநாயக்ராமின் மகன்.

மறந்தது திரும்பி வருவது எப்படி?

மூன்று பேர் சேர்ந்தால் ஒரு பழைய இசைத்தட்டுக்கு மறுவாழ்வு கிடைக்கும். முதலாமவர் சேகரிப்பாளர். பழைய கடைகளில் பெட்டி பெட்டியாகத் துழாவி, யாரும் சீண்டாத தட்டை எடுத்துக் கேட்பவர். டச்சுக்காரரான எடோ போமன் 2002-ல் டெல்லியில் அப்படித்தான் சரண்ஜித் சிங்கின் 1982 இசைத்தட்டைக் கண்டெடுத்தார். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில், சின்தசைசரில் வாசித்திருந்தார் சரண்ஜித். வந்தபோது விலைபோகாத தட்டு அது. 2010-ல் போமன் மறுவெளியீடு செய்ததும், பிற்காலத்து மின்னணு நடன இசைக்கு இது முன்னோடி என்று உலகமே வியந்தது. 70 வயதைத் தொட்ட சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் அதை மீண்டும் வாசித்தார்.

இரண்டாமவர், பழைய பாட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டித் தன் பாட்டில் பதிக்கும் புதிய கலைஞர். இதை ‘சாம்ப்ளிங்’ என்கிறார்கள். ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தின் ‘உனக்கும் எனக்கும்’ பாடலை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 2003-ல் எடுத்துக்கொண்டது. ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாடலை ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. 2007-ல் எடுத்துக்கொண்டார். இரண்டும் இளையராஜாவின் இசை. துணுக்கைக் கேட்டவர்கள் மூலத்தைத் தேடி வருகிறார்கள்.

மூன்றாமவர் இல்லாவிட்டால் முதல் இருவராலும் பயனில்லை. அவர், மூல ஒலிநாடாவைக் காப்பாற்றி வைத்தவர். ஆலிஸ் 1982-ல் ‘துரிய சிங்ஸ்’ என்ற பக்தி இசைக் கேசட்டை, கலிஃபோர்னியாவில் தான் நடத்திவந்த ஆசிரமத்தின் வட்டத்துக்காக மட்டும் வெளியிட்டார். அவர் பாடி வெளிவந்த முதல் பதிவு அது. அதே பாடல்களின் எளிய வடிவம், குரலும் ஆர்கனும் மட்டும் உள்ள பதிவு, 2004-ல் மகன் ரவியின் கைக்குக் கிடைத்தது. 2021-ல் ‘கீர்த்தன்’ என்ற பெயரில் அது வெளிவந்தது. ஆலிஸின் மற்ற ஆசிரமக் கேசட்டுகளிலிருந்து தொகுத்த ஒரு திரட்டை லுவாகா பாப் நிறுவனம் 2017-லேயே கொண்டுவந்துவிட்டது. 2018-ல் கலிஃபோர்னியாக் காட்டுத்தீயில் அந்த ஆசிரமக் கட்டடம் எரிந்துபோனது. இசை பிழைத்தது.

ஒலிநாடா அழிவதற்கு நெருப்பே வேண்டியதில்லை. மழைக்காலத்து அப்பளம் நமத்துப்போவதுபோல, நாடாவில் காந்தத்துகளைப் பிடித்துவைக்கும் பசையும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். 1970, 80-களின் நாடாக்களில் இது அதிகம். அப்படியே ஓடவிட்டால் பசை பிசுபிசுத்து, துகள் உரிந்து, பாட்டு போய்விடும். வல்லுநர்கள் அதைச் சுமார் 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றி, ஈரத்தை விரட்டி, நாடா தாங்கும் அந்தக் குறுகிய காலத்துக்குள் கணினியில் ஏற்றிவிடுவார்கள். தாமதித்தால் அதுவும் நடக்காது.

நம்மிடம் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. 1970-களின் இறுதியிலும் 80-களிலும் இளையராஜாவின் படப்பாடல்களில் ஓடும் பாஸ் கிடாரும், புருஷோத்தமனின் டிரம்ஸும், விஜி மேனுவலின் கீபோர்டும் உலகத் தரத்து ஃபங்க். பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 1977 முதல் 1983 வரையிலான அவரது பாடல்களைத் திரட்டி ‘சொல்லச் சொல்ல’ என்ற தொகுப்பாகவே வெளியிட்டது. 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தட்டை அவர் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கினார். அதே இளையராஜா ரமணரின் அடியவர். ‘ரமண மாலை’ தந்தவர். சச்சிதானந்தாவையும் இளையராஜாவையும் ஒரே மகரிஷியின் சந்நிதி ஈர்த்தது என்பதைத் திருவண்ணாமலைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

‘சக்தி’யின் வயலின் கலைஞர் எல்.சங்கருக்கு யாழ்ப்பாணத் தொடர்பு உண்டு. அவர் தந்தை வி.லட்சுமிநாராயண ஐயர் அங்கே இசை கற்பித்தவர்; 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னை வந்தது. சங்கரின் பத்து நரம்பு இரட்டை வயலினும், அண்ணன் எல்.சுப்பிரமணியம் அமெரிக்க ஜாஸ் கலைஞர்களோடு பதிவு செய்த இசைத்தட்டுகளும் தனிக் கட்டுரைக்கே உரியவை.

ஆனால் நம் திரைப்பாடல்களில் வாசித்த பலரின் பெயர்கூட அட்டையில் இல்லை. அமெரிக்க ஜாஸ் தட்டின் பின்னட்டையைப் பாருங்கள்: யார் எந்தக் கருவி, எந்தத் தேதி, எந்த ஸ்டுடியோ என்று எழுதியிருக்கும். ஆலிஸின் தட்டில் தம்புரா மீட்டியவர் யார் என்று 50 ஆண்டு கழித்தும் சொல்ல முடிகிறது. நம் திரைப்பாடல் தட்டுகளில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயரோடு நின்றுவிடும். அந்த பாஸ் கிடாரை வாசித்தவர் யார் என்று வெளிநாட்டு ரசிகர் கேட்டால், பல பாடல்களுக்கு நம்மிடம் எழுத்தில் பதில் இல்லை. 1985-ல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது அங்கே கிடைத்துவந்த பழைய தட்டுகளும் சாம்பலாயின. கேசட் யுகத்தில் ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்கள், 60, 90 நிமிடக் கேசட்டுகளில் பதிந்து கொடுத்த தொகுப்புகளோடு சேர்ந்து மறைந்துவிட்டன.

இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். இசைக் கல்லூரிகளும் இதழியல் துறைகளும் அவர்களிடம் போய் உட்கார்ந்து, எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்று எழுதி வாங்க வேண்டும். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் மூல நாடாக்களைக் கணினிமயமாக்க வேண்டும். பரணில் கிடக்கும் எல்.பி. தட்டையும் கேசட்டையும் பழைய இரும்புக்குப் போடுமுன் ஒருமுறை அட்டையைப் படித்துப் பாருங்கள். தட்டை நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். செட்டிப்பாளையத்துக்காரர் ஒருவரின் பெயர் ஜாஸ் வரலாற்றில் நிலைத்திருப்பது, நியூயார்க்கில் அதை எழுதி, பதிந்து, பத்திரப்படுத்தியதால்தான். நம் கலைஞர்களுக்கு அந்த வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.