50 ஆயிரம் ரூபாய் ஆன்லைன் போட்டோகிராபி கோர்ஸ்: சேரலாமா, வேண்டாமா?

மாசம் 62 ஆயிரம் டேக் ஹோம். போட்டோகிராபி மேல ரொம்ப நாளா ஆசை. 6 மாச ஆன்லைன் கோர்ஸ், வீட்டிலிருந்தே படிக்கலாம், முடிவுல சர்டிபிகேட். ஃபீஸ் 42,000 பிளஸ் ஜிஎஸ்டி, நோ காஸ்ட் இஎம்ஐ உண்டு. "சேரலாமா சார்?"

இந்த மாதிரி கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வருது. நான் ஆடிட்டர், போட்டோகிராபர் கிடையாது. உங்க படம் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ற தகுதி எனக்கு இல்லை. ஆனா இந்தக் கேள்வில பாதிக்கு மேல காசுக் கேள்விதான். அந்தப் பாதியை இன்னைக்கு பார்த்துடலாம்.

முதல்ல ஒன்னு. இந்த 50 ஆயிரத்தை எஸ்ஐபில போட்டா 25 வருஷத்துல எவ்வளவு ஆகும்னு நான் கணக்கு காட்டப்போறது இல்லை. அந்தக் கணக்கை வச்சு உலகத்துல எந்த ஆசையையும் கொன்னுடலாம். சம்பாதிக்கிறதே கொஞ்சம் நமக்குப் பிடிச்சதுக்கு செலவு பண்ணத்தான். நம்ம கேள்வி வேற: கொடுக்கிற காசுக்கு எந்தப் பொருள் கைக்கு வருது?

பில்லைப் பிரிச்சுப் பாருங்க

42,000க்கு 18% ஜிஎஸ்டி 7,560. ஆக மொத்தம் 49,560 ரூபாய். விளம்பரத்துல பெரிய எழுத்துல இருக்கிறது 42,000, உங்க அக்கவுண்ட்ல இருந்து போறது 49,560. எப்பவும் இரண்டாவது நம்பரை வச்சே யோசிங்க.

இந்தக் காசுக்கு பொதுவா என்ன தருவாங்க? ரெக்கார்டட் வீடியோ, சில லைவ் கிளாஸ், அசைன்மென்ட், அதுக்கு ஃபீட்பேக், ஒரு குரூப், கடைசில சர்டிபிகேட். ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா விலை போடுங்க.

வீடியோவுக்கு நான் போடுற விலை பூஜ்யம். அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீட், ஐஎஸ்ஓ எல்லாம் இயற்பியல். காசு கொடுத்து கத்துக்கிட்டாலும் இலவசமா கத்துக்கிட்டாலும் அதே இயற்பியல்தான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் லெவாய், அங்கே நடத்தின டிஜிட்டல் போட்டோகிராபி பாடத்தை 2016ல கூகுள் ஆபீஸ்ல மறுபடி நடத்தினார். மொத்தமும் யூடியூப்ல இலவசமா இருக்கு. இவர் கூகுள் பிக்சல் போன் கேமராவோட எச்டிஆர் தொழில்நுட்பத்துல முக்கியமா வேலை பார்த்தவர். ஐடில இருக்கிறவங்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கிற விதம் ரொம்பப் பிடிக்கும். இங்கிலீஷ் வேண்டாம்னா தமிழ்லயே அடிப்படை சொல்லித்தர சேனல்கள் நிறைய இருக்கு.

சர்டிபிகேட்? கல்யாண ஆர்டர் கொடுக்க வர்ற பொண்ணு வீட்டுக்காரங்க "ஆல்பம் காட்டுங்க தம்பி"ன்னுதான் கேட்பாங்க. சர்டிபிகேட்டை யாரும் கேட்கப்போறது இல்லை. காலேஜ்ல பாடம் நடத்துற வேலை மாதிரி இடத்துல தகுதி கேட்பாங்க. ஆனா அங்கே வேண்டியது அங்கீகரிக்கப்பட்ட பட்டம், இந்த பிடிஎஃப் இல்லை.

மிச்சம் இருக்கிறது ஃபீட்பேக். உண்மையில இந்தப் பில்லுல காசுக்குத் தகுந்த சரக்கு இது ஒன்னுதான். ஏன்னா, நாம எடுத்த படத்துல நமக்கு அன்னைக்கு நடந்ததெல்லாம் சேர்ந்து தெரியும்: அந்த சாயங்காலம், அந்தக் காத்து, சிரிச்ச பாப்பா. மத்தவங்களுக்கு அந்த சட்டத்துக்குள்ள இருக்கிறது மட்டும்தான் தெரியும். பாப்பா தலைல இருந்து ஒரு லைட் கம்பம் முளைச்சு நிக்கிறது அவங்க கண்ணுக்குப் படும், நமக்குப் படாது. அதை வெளியாள் ஒருத்தர் சொல்லணும், ஒவ்வொரு படமா சொல்லணும். எந்த வீடியோவும் இதை செய்யாது, ஏன்னா வீடியோ உங்க படத்தைப் பார்த்ததே இல்லை.

அதனால ஒரே ஒரு வகுத்தல் போடுங்க. மொத்த ஃபீஸ், வகுத்தல் தனியா திருத்தித் தர்ற அசைன்மென்ட் எண்ணிக்கை. 8 அசைன்மென்ட்னா, 49,560 ÷ 8 = 6,195 ரூபாய். ஒரு திருத்தத்துக்கு 6,195. இப்போ அந்தத் திருத்தம் எப்படி இருக்கும்னு கேளுங்க. உங்க படத்தைத் திரைல வச்சு 15 நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்புறாங்களா? இல்லை "நைஸ் ஃப்ரேமிங், கீப் இட் அப்"னு ஒரு வரியா? சேர்றதுக்கு முன்னாடியே பழைய மாணவர் ஒருத்தருக்குக் கொடுத்த ஃபீட்பேக் மாதிரி ஒன்னு காட்டச் சொல்லுங்க. பேரை மறைச்சுக் காட்டலாம், தப்பில்லை. காட்டத் தயங்கினா, அதுவே பதில்.

அதே 6,195 ரூபாய்க்கு உங்க ஊர்ல நல்லா வேலை செய்யற ஒரு சீனியர் போட்டோகிராபர்கிட்ட எவ்வளவு நேரம் கிடைக்கும்னும் விசாரிச்சுப் பாருங்க. நிறைய பேர் இதைக் கேட்டே பார்க்கிறது இல்லை.

படத்தை யார் பார்க்கப் போறாங்க?

தபால்ல போட்டோகிராபி சொல்லித்தர்றது ஒன்னும் புதுசு இல்லை. நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் போட்டோகிராபி 1910ல ஆரம்பிச்சது. மாணவர் பிரிண்ட் போட்டு தபால்ல அனுப்புவார். ஒரு காலத்துல ஆசிரியர் தன் விமர்சனத்தை கேசட்ல பேசி திருப்பி அனுப்புவார். அங்கேயும் உயிர்நாடி அந்தத் திருத்தம்தான்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அமெரிக்காவுல 1960கள்ல ஃபேமஸ் போட்டோகிராபர்ஸ் ஸ்கூல்னு ஒரு தபால் வழிப் பள்ளி இருந்தது. ரிச்சர்ட் அவெடன், இர்விங் பென் மாதிரி ஜாம்பவான்கள் பேர் அதோட ஆசிரியர் குழுவுல இருந்தது. அதே கம்பெனியோட சகோதரப் பள்ளி ஃபேமஸ் ரைட்டர்ஸ் ஸ்கூல். 1970ல ஜெசிகா மிட்ஃபோர்ட் என்ற பத்திரிகையாளர் 'தி அட்லாண்டிக்' இதழ்ல அந்த எழுத்தாளர் பள்ளியைப் பத்தி விரிவா எழுதினார். விளம்பரத்துல சிரிக்கிற பிரபலங்கள் மாணவர்களோட தாளைத் தொடுறதே இல்லை, திருத்துறது வேற ஆட்கள். அதைவிட முக்கியமானது அந்த வியாபாரத்தோட கணக்கு: முழு ஃபீஸுக்கும் கையெழுத்து வாங்கிடுவாங்க, பாதில நின்னுபோற மாணவர்களாலதான் லாபம். நின்னுபோனவருக்குத் திருத்தற செலவு இல்லையே! அந்தக் கட்டுரை வந்து சில வருஷத்துல கம்பெனி திவாலாச்சு.

50 வருஷத்துக்கும் முந்தின கதையை ஏன் சொல்றேன்னா, இன்னைக்கும் நீங்க கேட்க வேண்டிய இரண்டு கேள்வி அதுலயே இருக்கு. டிரெய்லர்ல வர்ற ஆளா என் படத்தைப் பார்க்கப் போறார்? நான் இரண்டாவது மாசத்துல நின்னுட்டா, மிச்சக் காசு யாருக்கு?

நோ காஸ்ட் இஎம்ஐ

இந்த இரண்டாவது கேள்விக்கு பதில் இஎம்ஐ பேப்பர்ல இருக்கும். கோர்ஸ் நடத்துறவங்க உங்களுக்குத் தவணை கொடுக்கிறது இல்லை. பெரும்பாலும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல கடன் போட்டு, பணத்தை கோர்ஸ் கம்பெனிக்குக் கொடுத்துடும். அதுக்கப்புறம் உங்க உறவு கடன் கொடுத்தவரோட. கிளாஸ் பிடிக்கலை, நின்னுட்டேன்னு சொன்னாலும் இஎம்ஐ நிக்காது. விட்டீங்கன்னா சிபில்ல விழும். நாளைக்கு ஹோம் லோனுக்குப் போகும்போது பேங்க் மேனேஜர் இந்த போட்டோகிராபி கோர்ஸைப் பத்தி உங்ககிட்ட விசாரிப்பார்.

"நோ காஸ்ட்" உண்மையான்னு பார்க்க ஒரு சின்ன வழி. "மொத்தமா கட்டினா எவ்வளவு?"ன்னு கேளுங்க. 38,000க்கு தர்றோம்னு சொன்னா, ஜிஎஸ்டியோட 44,840. இஎம்ஐல போனா மாசம் 4,130 வீதம் 12 மாசம், 49,560. வித்தியாசம் 4,720. அசல் மாசாமாசம் குறைஞ்சுக்கிட்டே வர்றதால, இது வருஷத்துக்கு ஏறக்குறைய 19% வட்டி. பிராசஸிங் ஃபீ இருந்தா இன்னும் ஏறும். கடன் கொடுக்கிறவங்க கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் கொடுத்தே ஆகணும், மொத்த ஆண்டுச் செலவு அதுல சதவீதமா இருக்கும். அதைப் பார்க்காம ஓடிபி சொல்லாதீங்க.

அப்புறம், ஸ்கிரீன்ல ஓடுற அந்த கவுன்ட்டவுன். "இன்னைக்கு நைட் 12 மணி வரை மட்டும்." நாளைக்குக் காலைல அதே பக்கத்தைத் திறந்து பாருங்க, டைமர் மறுபடி முதல்ல இருந்து ஓடுதான்னு. பொய்யான அவசரத்தைக் காட்டி விற்கிறதை மத்திய அரசு 2023ல வெளியிட்ட டார்க் பேட்டர்ன் விதிமுறைகள் தடை செஞ்சிருக்கு.

"வீக்எண்ட்ல ஷூட் பண்ணி எடுத்துடலாம் சார்"

இங்கேதான் நிறைய பேர் தங்களையே ஏமாத்திக்கிறாங்க. ஆசைக்குன்னு சொன்னா 50 ஆயிரம் உறுத்தும். அதனால முதலீடுன்னு பேர் வச்சுக்கிறது. சரி, முதலீடுன்னா முதலீடு மாதிரியே கணக்கு போடுவோம்.

கல்யாணத்துக்கு செகண்ட் ஷூட்டரா போறீங்க, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் போக கைல ஒரு நாளைக்கு 2,500 நிக்குதுன்னு வச்சுக்கலாம். கோர்ஸ் ஃபீஸ் மட்டும் எடுக்க 20 நாள். ஆனா போன்ல போய் நிக்க முடியாது. பெரும்பாலான போன்ல அப்பர்ச்சரை மாத்தவே முடியாது, பேக்ரவுண்ட் மங்கலா வர்றது சாஃப்ட்வேர் வேலை. கேமரா, லென்ஸுக்கு ஒரு 70,000 சேர்த்தா மொத்தம் 1,19,560. 48 நாள்.

48 நாள் சின்ன நம்பரா தெரியும். ஆனா முகூர்த்தம் உங்க வீக்எண்ட் பார்த்து வர்றது இல்லை. புதன்கிழமை காலைல 6லிருந்து 7:30 முகூர்த்தம்னா, முந்தின நாள் ரிசப்ஷனும் சேர்த்து உங்களுக்கு லீவு போகும். ஆடில கல்யாணம் இல்லை, மார்கழில இல்லை, புரட்டாசில நிறைய வீட்டுல வைக்கிறது இல்லை. சனி, ஞாயிறுல விழுற முகூர்த்தமா பார்த்து 48 நாள் சேர்க்க 2 வருஷத்துக்கு மேலேயே ஆகலாம். அதுவும் உங்களைக் கூப்பிட ஆள் இருந்தா. இன்னொரு விஷயம், கல்யாண வேலை கத்துக்க நல்ல இடம் கல்யாண மண்டபம்தான். அசிஸ்டென்ட்டா லைட் பிடிக்கப் போனாலும் அங்கே உங்களுக்குத்தான் காசு தருவாங்க.

வரியையும் சொல்லிடறேன், நான் சொல்லலைன்னா யாரும் சொல்லமாட்டாங்க. கோர்ஸ் ஃபீஸை சம்பள வருமானத்துல இருந்து கழிக்க முடியாது. 80சி டியூஷன் ஃபீஸ் பிள்ளைகளோட முழுநேரப் படிப்புக்கு, உங்களுக்கு இல்லை. புதிய வரி முறைல அதுவும் கிடையாது. ஷூட்ல வர்ற காசு பிசினஸ் வருமானம், ஐடிஆர்-1 போட முடியாது. ஜிபேல வந்தாலும் வருமானம்தான்.

12 லட்சம் எல்லைக்குப் பக்கத்துல இருக்கிறவங்க இன்னும் கவனமா இருங்க. 2025-26 நிதியாண்டுல சம்பளம் 12.60 லட்சம்னா, 75,000 ஸ்டாண்டர்டு டிடக்ஷன் போக 11.85 லட்சம், வரி இல்லை. போட்டோகிராபில 40,000 லாபம் வந்தா 12.25 லட்சம் ஆகிடும். மார்ஜினல் ரிலீஃப் கிடைச்சும், 12 லட்சத்துக்கு மேல போன 25,000 அப்படியே வரியா போகும், செஸ்ஸோட 26,000. வெயில்ல நின்னு சம்பாதிச்ச 40,000ல உங்களுக்கு மிஞ்சுறது 14,000. 62 ஆயிரம் டேக் ஹோம்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனா ஆஃபர் லெட்டர்ல வெளி வேலை பார்க்கக்கூடாதுன்னு இருக்கான்னு அவரும் படிச்சுப் பார்க்கணும்.

அப்போ சேரலாமா?

வருமானம் எடுக்கப் போறேன்னா, என் பதில் இப்போதைக்கு வேண்டாம். அசிஸ்டென்ட்டா நாலு கல்யாணம் போயிட்டு வாங்க, அப்புறம் உங்களுக்கே தெரியும் எது தெரியலைன்னு.

ஆசைக்காகன்னா, சேரலாம். அதுல வெட்கப்பட ஒன்னும் இல்லை. மூணு விஷயம் சரியா இருக்கணும், அவ்வளவுதான். மூணு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் தனியா இருக்கணும். ஃபீஸ் கைக்காசா இருக்கணும், கடனா இருக்கக்கூடாது. அப்புறம் 8 வாரம் ஒரு டெஸ்ட்: இலவச வீடியோ பார்த்து, இருக்கிற போன்லயே வாரம் ஒரு தலைப்பு. ஜன்னல் வெளிச்சம், சந்தை, மழை, அம்மாவோட கை, எதுவா இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை 5 படம் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டர்ல போடணும். டெஸ்ட் ஆரம்பிச்ச அன்னைக்கே மாசம் 4,130ஐ தனி ஆர்டில போட ஆரம்பிச்சுடுங்க. ஒரு வருஷத்துல ஃபீஸ் ரெடி, கொஞ்சம் வட்டியும் வரும், மொத்தமா கட்டுற தள்ளுபடியும் கேட்கலாம்.

8 வாரத்துல 40 படம் சேர்ந்துடுச்சுன்னா, உங்களுக்கு இப்போ வேண்டியது திருத்த ஒரு ஆள். அந்த 40 படத்தோடயே கோர்ஸ்காரங்ககிட்ட போய், "இதுல ரெண்டைப் பார்த்து சொல்லுங்க, அப்புறம் சேர்றேன்"னு கேட்கலாம். மூணாவது வாரத்துலயே நின்னுபோச்சுன்னா, 49,560 கட்டியிருந்தாலும் அங்கேதான் நின்னிருக்கும்.

ஏற்கெனவே காசு கட்டிட்டவங்களுக்கு: டிஜிட்டல் கடன்ல கூலிங் ஆஃப் காலம்னு சில நாள் உண்டு. அதுக்குள்ள அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாம கடன்ல இருந்து வெளியே வரலாம். எத்தனை நாள்னு உங்க கடன் பேப்பர்லயே இருக்கும். ஆனா கோர்ஸ் ஃபீஸைத் திரும்ப வாங்குறது தனி வேலை. அதை மெயில்ல கேளுங்க, போன்ல பேசி விட்டுடாதீங்க. மறுத்தா, அந்த மெயிலை வச்சே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் கொடுக்கலாம். வெளியே வர முடியாதுன்னா, அத்தனை அசைன்மென்ட்டையும் ஒன்னு விடாம அனுப்புங்க, ஃபீட்பேக் வரலைன்னா சண்டை போட்டு வாங்குங்க. போர்ட்டல் லாகின் முடியறதுக்குள்ள எல்லா ஃபீட்பேக்கையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.