பாலம் காண வருவோரும் லயத்து மக்களும்

கேரளத்து வேம்பநாட்டுக் காயலில் நெல் சுமந்து திரிந்த கெட்டுவள்ளங்கள் இன்று உல்லாசப் பிரயாணிகளைச் சுமக்கின்றன. நமது ஊவா மலைநாட்டிலும் இதற்கு ஒப்பானதொரு மாற்றம் நிகழ்ந்துளது. தோட்டத்துத் தேயிலையைத் துறைமுகம் சேர்ப்பதற்கென்றே பெரிதும் அமைக்கப்பட்ட மலைநாட்டு இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை அடைந்தது. அப்பாதையில், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, இரும்புச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண இன்று பல தேசத்தாரும் வருகின்றனர்.

வரட்டும், அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அவர்கள் தரும் பணம் எவர் மடியில் விழுகிறது? வீதியோரத்தில் சொந்த நிலமுடையவர் அறை கட்டி வாடகைக்கு விடலாம்; கடையும் வைக்கலாம். லயத்தில் வாழ்பவருக்கோ, குடியிருக்கும் காம்பராவும் தோட்டத்துக்கே உரியது. காணி உறுதி பெற்றவர் சிலரே. உறுதியில்லாதவரை நம்பி வங்கி கடன் கொடுக்குமா?

கூடை சுமந்த பெண்ணைப் படம் பிடிப்பதற்காகச் சற்று நிற்கச் சொல்வார்கள். அவள் நிற்கும் நேரமெல்லாம் கொழுந்து குறைகிறது. குறித்த நிறை சேராவிடின் அன்றைக்கு அரைப்பெயர்தான். சிலர் சில்லறை கொடுப்பதுண்டு, அதை மறைப்பதற்கில்லை.

இளைஞர் சிலர் மலையை விட்டு விடுதி வேலைக்குச் செல்கின்றனர். அவ்வேலையும் பருவத்தை நம்பியதே. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் விடுதிகள் பூட்டப்பட்டன. தோட்டங்களிலோ ஊரடங்கிலும் கொழுந்து பறிக்கப்பட்டது. வேலையிழந்த பிள்ளைகள் திரும்பி வந்தது பெற்றோரின் அந்தப் பழைய காம்பராவுக்கே.