தாளை விடுங்கள், பசையைப் பாருங்கள்

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீட்டை வாங்குகிறவருக்கு, முன்பு அங்கே குடியிருந்தவர்களின் ரசனையும் சேர்ந்தே கிடைக்கும். சுவரின் ஒரு மூலையைக் கிளப்பினால் பூப்போட்ட தாள், அதன் கீழே கோடு போட்டது, அதற்கும் கீழே பழுப்பேறிய இன்னொன்று. உரிக்கச் சோம்பல்பட்டு மேலேயே ஒட்டிக்கொண்டு போயிருப்பார்கள். 1712-இல் வந்த சுவர்த்தாள் வரி 1836-இல் நீங்கியது. இயந்திர அச்சும் வந்த பிறகு தாள் மலிந்து, தொழிலாளர் வீடுகள் வரை போனது.

இதை உரிக்கிறவர்கள் தாளோடு மல்லுக்கட்டுகிறார்கள். உண்மையில் எதிராளி பசைதான். பழைய தாள்களை ஒட்டியது பெரும்பாலும் கோதுமை மாவுப் பசை. நம் ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசைக்குச் சொந்தக்காரன். காய்ந்த மாவுச்சத்து எத்தனை ஆண்டானாலும் ஈரம் பட்டால் ஊறி உப்பி, பிடியைத் தளர்த்திவிடும். ஆகவே வேலை ஒன்றுதான்: தண்ணீரைப் பசை வரை கொண்டுபோவது. தாளின் மேல் யாராவது பெயின்ட் அடித்திருந்தாலோ, வினைல் பூச்சு இருந்தாலோ தண்ணீர் வெளியிலேயே வழிந்துவிடும். முள் சக்கரம் பதித்த சிறு கருவியை உருட்டி நுண்ணிய துளைகள் போடுவது அதற்காகத்தான்.

அடுத்தது நீராவிக் கருவி. மின்சாரத்தில் கொதிக்கும் ஒரு தொட்டி, ஒரு குழாய், அதன் முனையில் தட்டையான பிளாஸ்டிக் தட்டு; அவ்வளவுதான். தட்டைச் சுவரில் அழுத்திப் பிடித்தால் அரை நிமிடத்தில் தாள் கறுத்து, ஓரங்கள் சுருண்டு எழும். உடனே பட்டி பிளேடைச் சாய்வாகக் கொடுத்துத் தள்ளினால் மூன்று அடுக்கும் ஒன்றாகக் கழன்று வரும். பிளேடை நிமிர்த்திக் குத்தினால் பூச்சு பெயர்ந்துவிடும். இந்த வீடுகளில் மர ரீப்பர்களின் மேல் சுண்ணாம்புக் கலவை பூசியிருப்பார்கள். விரல் கணுவால் தட்டும்போது உள்ளீடற்ற ஓசை வந்தால் அங்கே பூச்சு ஏற்கெனவே விலகியிருக்கிறது. நீராவியை அதிக நேரம் பிடித்தால் பாளமாக விழும்.

காய்ந்த தாளை உரசித் தேய்க்கவே கூடாது. 1775-இல் வேதியியலாளர் ஷீலே உருவாக்கிய பச்சை நிறமியில் ஆர்செனிக் இருந்தது. அதுவும் அதன் வழிவந்த பச்சைகளும் 19-ஆம் நூற்றாண்டுத் தாள்களில் தாராளமாகப் புழங்கின. புகழ்பெற்ற வில்லியம் மாரிஸின் தொடக்க காலத் தாள்களிலும் அந்த நஞ்சு உண்டு. ஆர்செனிக் எடுத்த டெவன் சுரங்க நிறுவனத்தில் அவருக்குப் பங்கும் இருந்தது என்பது கூடுதல் செய்தி! அடியிலுள்ள பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தூசியாகாமல் ஈரத்திலேயே சுரண்டுவது நுரையீரலுக்கு நல்லது.

தாள் போனதும் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. மிச்சப் பசை மேல் அடித்த பெயின்ட் பின்னால் வெடித்து உரியும். நீர்த்த அயோடினை லேசாகத் தெளித்துப் பார்த்தால், மாவுப் பசை இருக்கும் இடம் கருநீலமாகிவிடும். அங்கே வெந்நீரும் ஸ்பாஞ்சும் கொண்டு இன்னொரு முறை துடைக்க வேண்டும். பிற்காலத்து மெத்தில் செல்லுலோஸ் பசை இந்தச் சோதனையில் சிக்காது. ஈரச் சுவரைக் கையால் தடவி, வழவழக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.