பதினோரு மாதமும் ஏழு ஆண்டும்

1954 நவம்பர் 11 அன்று லண்டனில் வெளியான, மூன்று பாகக் கதை ஒன்றின் இரண்டாம் பாகமான ‘தி டூ டவர்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தில் நாயகன் ஃப்ரோடோ எதிரியிடம் சிக்கிக்கொள்கிறான். உயிர் போகவில்லை, பிடிபட்டுவிட்டான். அவ்வளவுதான் வாசகருக்குத் தெரியும். புத்தகம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்த பாகமான ‘தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்’ 1955 அக்டோபர் 20-இல்தான் கடைக்கு வந்தது. இடையில் பதினோரு மாதம்.

அந்தப் பதினோரு மாதத்தில் வாசகர் செய்யக்கூடியது அதிகமில்லை. பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதலாம். எழுதினார்கள், கோபமாகவும் எழுதினார்கள். கையில் இருக்கும் இரண்டு பாகங்களையும் மறுபடி படிக்கலாம். இதே புத்தகத்தைப் படித்த இன்னொருவர் அருகில் இருந்தால் பேசித் தீர்க்கலாம். ஆனால் அப்படி ஒருவர் கிடைப்பது எளிதல்ல. 1954 ஜூலை 29-இல் வந்த முதல் பாகம் அச்சானதே சுமார் மூவாயிரம் பிரதிகள். விலை 21 ஷில்லிங். இறைச்சிக்கான ரேஷன் பிரிட்டனில் அந்த மாதம்தான் முடிவுக்கு வந்திருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு கதைப் புத்தகத்துக்கு 21 ஷில்லிங் சிறிய தொகை அல்ல. பதிப்பாளர்களும் பெரிதாக நம்பியிருக்கவில்லை. ஆயிரம் பவுண்டு நட்டம் வரலாம் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஆலன் அண்ட் அன்வின் நிறுவனத்தார் அச்சுக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் மறு அச்சு தேவைப்பட்டது. மூன்றாம் பாகத்துக்கு முதல் அச்சே ஏழாயிரம்.

தாமதத்துக்குக் காரணம் ஆசிரியர்தான். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். ஆர். டோல்கின், கதையின் முடிவில் சேர்ப்பதாகச் சொன்ன பின்னிணைப்புகளை எழுதி முடிக்கத் திணறிக்கொண்டிருந்தார். அரச வம்சங்களின் வரலாறு, ஆண்டுக் கணக்கு, எழுத்து முறைகள், மொழிகள் என்று அவை நீண்டன. கதைக்குப் பிறகு யார் என்ன ஆனார்கள் என்பதற்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. அதே 1954-இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடரை முடித்த கல்கியும், கதை சட்டென்று நின்றுவிட்டதே என்று கேட்ட வாசகர்களுக்காக ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்காலத்தைச் சொன்னார் என்பது நமக்கு நினைவுக்கு வரும். ஒருவரை ஒருவர் அறியாத இருவர், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

டோல்கினுக்கு வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1954 டிசம்பரில் ஓர் இளம் வாசகர், இரண்டாம் பாகத்தில் தியோடன் மன்னர் வரும் பகுதியின் நடை செயற்கையான பழைய ஆங்கிலமாக இருக்கிறது என்று குறைகூறி எழுதினார். டோல்கின் பதில் போடவில்லை. அடுத்த செப்டம்பரில் அந்த இளைஞரே, அதிகப்பிரசங்கித்தனமாக எழுதிவிட்டேன் என்று வருந்தி மறுபடி எழுதினார். அப்போதுதான் டோல்கின் பேனாவை எடுத்தார். பழைய மன்னனின் மனம் பழைய சொற்களில்தான் இயங்கும், இன்றைய பேச்சை அவன் வாயில் போட்டால் அந்த எண்ணமே பொய்யாகிவிடும் என்ற வாதத்தை உதாரணங்களோடு விரிவாக எழுதினார். எழுதிவிட்டு அதை அனுப்பவில்லை. நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம் என்ற தொனியில் ஒரு சின்னக் குறிப்பு மட்டும் போனது. டோல்கின் இறந்த பிறகு வெளிவந்த கடிதத் தொகுப்பில்தான் நாம் அந்த நகலைப் படிக்கிறோம். ஒரு புகாருக்கும் அதன் முழுப் பதிலுக்கும் நடுவே ஒரு தலைமுறையே போயிருக்கிறது.

எழுபது ஆண்டுகள் தள்ளி வருவோம். 2024 டிசம்பர் 6 அன்று பிராண்டன் சாண்டர்சனின் ‘விண்ட் அண்ட் ட்ரூத்’ வெளியானது. ‘ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்’ என்ற தொடரின் ஐந்தாம் பாகம். அமெரிக்கப் பதிப்பில் 1,300 பக்கங்களுக்கு மேல். சொல் கணக்கில் ஐந்து லட்சத்தை நெருங்குகிறது. டோல்கினின் மூன்று பாகங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய இதே அளவுதான் வரும். அன்று மூன்று தவணையாக, பதினைந்து மாதத்தில் வாசகர் கைக்குப் போனது இன்று ஒரே கட்டாக, ஒரே காலையில் போகிறது.

அந்தக் கட்டின் மேல் தீர்ப்பு வர எவ்வளவு நேரமாயிற்று? வார இறுதி முடிவதற்குள் வந்துவிட்டது. இங்கே புகார் நேர் எதிர்த்திசையில் இருந்தது: நடை அளவுக்கு மீறிப் புதிதாக இருக்கிறதாம். வாளும் கோட்டையும் உள்ள உலகத்தில் மனிதர்கள் இன்றைய மனநல ஆலோசகரின் அறையில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலப் பேசுகிறார்கள், பத்தே நாளில் நடக்கும் கதைக்கு இத்தனை பக்கமா, எடிட்டர் எங்கே போனார் என்றெல்லாம் கேட்டார்கள். மனச்சோர்வோடு போராடும் கலாடின் என்ற பாத்திரத்தைத் தங்கள் வாழ்க்கையின் துணையாகவே பிடித்துக்கொண்ட வாசகர்கள் மறுபுறம் நின்றார்கள். அவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்துக் கண்ணீர் விட்டதாக எழுதினார்கள். இரண்டு தரப்பும் உண்மையாகவே பேசின. ஆனால் இன்னும் நானூறாவது பக்கத்தில் இருந்தவருக்கு இரண்டும் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. எனக்கு இதில் வருத்தம் அந்த மூன்றாமவரைப் பற்றித்தான். அவர் ஒரு வாக்கியத்தில் தடுக்கி நிற்கும்போது, தடுக்கியது தன் காலா, ஏற்கெனவே கேட்ட தீர்ப்பா என்று பிரித்தறிய வழியில்லை.

அன்றைய வாசகர் தனிமையில் படித்தார், ஆசிரியர் தனிமையில் எழுதினார் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. டோல்கினுக்கும் முன்வாசகர்கள் இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் சி. எஸ். லூயிஸின் அறையில் கூடிய இன்க்லிங்ஸ் நண்பர் குழுவில் அத்தியாயங்களை உரக்க வாசித்துக் காட்டினார். 1944-இல் விமானப் படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்குத் தபாலில் அனுப்பினார். கதை முடிந்தபின் ஃப்ரோடோவின் தோழன் சாம் தன் பிள்ளைகளோடு பேசும் ஓர் உபசங்காரத்தையும் எழுதி வைத்திருந்தார்; படித்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றதால் அதை எடுத்துவிட்டார். ஆக, வாசகர் சொல் கேட்டு ஒரு முடிவே மாறியிருக்கிறது. அந்த வாசகர்கள் ஒரு அறைக்குள் அடங்கும் அளவில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இன்று சாண்டர்சன் அதையே ஒரு ஏற்பாடாக நடத்துகிறார். அச்சுக்கு முன்பே ‘பீட்டா வாசகர்’ என்ற பெயரில் டஜன் கணக்கான தன்னார்வலர்கள் கைப்பிரதியைப் படித்து, எந்த அத்தியாயத்தில் அலுத்தது, எங்கே சிரித்தார்கள், எந்த முடிச்சை முன்பே ஊகித்துவிட்டார்கள் என்பதையெல்லாம் கணினி அட்டவணையில் குறித்துத் தருகிறார்கள். எந்த நூல் எத்தனை சதவீதம் முடிந்தது என்று அவரே வெளியில் அறிவித்துக்கொண்டிருப்பார். ‘விண்ட் அண்ட் ட்ரூத்’ கடைக்கு வரும் முன், 2024 ஜூலையிலிருந்து வாரம்தோறும் அதன் ஆரம்ப அத்தியாயங்களைப் பதிப்பகம் இலவசமாக வெளியிட்டது. வார இதழ்த் தொடர் காலத்தின் சுகம் வேறு வடிவில் திரும்பி வந்தது போல இருந்தது, திங்கள்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். நம் ஊர்த் தொடர்கதை வாசகர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1965-இல் அமெரிக்காவில் ஏஸ் புக்ஸ் நிறுவனம் டோல்கினின் அனுமதியில்லாமல் 75 சென்ட் விலையில் மலிவுப் பதிப்பு போட்டது. ஆசிரியர் ஒப்புதலோடு வந்த பாலன்டைன் பதிப்பு 95 சென்ட். தனக்குக் கடிதம் எழுதிய அமெரிக்க வாசகர்களுக்கெல்லாம் பதில் போடும்போது டோல்கின் இந்த விஷயத்தையும் சேர்த்து எழுதினார். செய்தி வாய்வழியாகப் பரவியது. வாசகர் நெருக்கடி தாங்காமல் ஏஸ் நிறுவனம் அவருக்கு ராயல்டி தர இணங்கியது. வாசகர் கூட்டத்துக்கு ஒரு பலம் உண்டு என்பது தெரிந்த தருணம் அது. அதன் விலையையும் டோல்கின்தான் கொடுத்தார். கலிஃபோர்னியாவில் மாலை ஏழு மணிக்கு ரசிகர் தொலைபேசியில் அழைத்தால் ஆக்ஸ்ஃபோர்டில் அதிகாலை மூன்று. பால்ராக் என்ற பூதத்துக்குச் சிறகு உண்டா இல்லையா என்று கேட்பதற்காகக் கிழவரை எழுப்பியிருக்கிறார்கள்.

காத்திருப்பின் கொடுமையான முகத்தைப் பார்த்தவர் ஸ்டீஃபன் கிங். ‘டார்க் டவர்’ தொடரின் மூன்றாம் பாகத்தை 1991-இல் ஆபத்தான கட்டத்தில் நிறுத்திவிட்டு நான்காம் பாகத்தை 1997-இல்தான் தந்தார். புற்றுநோயால் நாள் எண்ணிக்கொண்டிருந்த 82 வயது மூதாட்டி ஒருவர், முடிவை மட்டும் சொல்லிவிடுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதியதையும், மரண தண்டனைக் கைதி ஒருவர் இதையே கேட்டதையும் கிங் பதிவு செய்திருக்கிறார். அவரால் சொல்ல முடியவில்லை. முடிவு அவருக்கே தெரியாது.

ஹாரி பாட்டர் காலம் நடுவில் நிற்கிறது. அன்றும் இன்றும் அங்கே ஒன்றாகக் கலந்தன. 1997 ஜூனில் முதல் நூலின் கெட்டி அட்டைப் பதிப்பு 500 பிரதிகள்தான் அச்சாயிற்று. அதிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. 1999-இல் மூன்றாம் நூலை, பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடக் கூடாது என்று பிரிட்டனில் பிற்பகல் 3.45-க்கு விற்பனைக்கு விட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து நள்ளிரவு வெளியீடு. 2007 ஜூலை 21-இல் ஏழாம் நூல் வந்தபோது அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றன. லண்டனில் இரவு 12.01 என்றால் சென்னையில் விடிகாலை 4.31, இங்கும் கடைகள் அதிகாலையிலேயே திறந்தன, கண்ணில் தூக்கத்தோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வெளியீட்டுக்கு முன்பே பக்கங்களின் புகைப்படங்கள் இணையத்தில் கசிந்திருந்தன. ஆனாலும் பெரும்பாலோர் அவற்றைப் பார்க்காமல் தவிர்க்க முடிந்தது. ஸ்மார்ட்போன் இன்னும் எல்லார் சட்டைப் பையிலும் வந்திருக்கவில்லை. அந்த சனி, ஞாயிறில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில், பெரும்பாலும் பேசாமல் படித்தார்கள். அப்படி ஒரு வார இறுதி இனி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2007-இலேயே வேறொன்றும் நடந்தது. ‘வீல் ஆஃப் டைம்’ தொடரை 1990 முதல் எழுதிவந்த ராபர்ட் ஜோர்டன் செப்டம்பர் 16 அன்று, கடைசிப் பாகத்தை முடிக்காமலே காலமானார். அவருடைய வாசகர்களும் அவரைத் திட்டாதவர்கள் அல்ல. 2003-இல் வந்த பத்தாம் பாகத்தில் கதை நகரவே இல்லை என்று பலரும் பொறுமை இழந்திருந்தார்கள். அவர் இறந்தபோது, பதின்வயதிலிருந்து அந்தத் தொடரைப் படித்து வளர்ந்த ஓர் இளம் எழுத்தாளர் இணையத்தில் அஞ்சலி ஒன்று எழுதினார். ஜோர்டனின் மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மக்டூகல் பார்வைக்கு அது போனது. மீதிக் கதையை எழுதும் பொறுப்பை அவரிடமே தந்தார். அவர்தான் பிராண்டன் சாண்டர்சன். ஒரே நூலாகத் திட்டமிட்ட முடிவு மூன்று நூல்களாகி 2013 ஜனவரியில் நிறைவடைந்தது. ஒரு வாசகரின் எதிர்வினை அவரை அந்தத் தொடருக்கே ஆசிரியராக்கிய கதை இது. அஞ்சலி தபாலில் போயிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதே சாண்டர்சன் 2022 மார்ச்சில், தான் ரகசியமாக எழுதிய நான்கு நாவல்களுக்கு வாசகரிடமே நேரடியாக முன்பணம் கேட்டார். கேட்டது பத்து லட்சம் டாலர். 1,85,341 பேர் சேர்ந்து கொடுத்தது 4.17 கோடி டாலர். மூவாயிரம் பிரதிக்குத் தயங்கிய தொழில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

புத்தகம் என்ற பொருளே இப்போது வேறாகிவிட்டது. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ 2023 மே மாதம் வந்தது. இரண்டாம் பாகம் அதே ஆண்டு நவம்பரில். மூன்றாம் பாகமான ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில். அது முதல் வாரத்தில் 27 லட்சம் பிரதிகள் விற்றது. பக்க விளிம்பில் வண்ணம் தீட்டிய சிறப்புப் பதிப்பைப் பிரித்து, திருப்பிக் காட்டி எடுத்த வீடியோக்கள் கதையைப் பற்றிய பேச்சுக்கு ஈடாக ஓடின. இதைக் கேலி செய்ய மாட்டேன். 21 ஷில்லிங் கொடுத்து வாங்கியவரும் அந்த அட்டையைத் தடவிப் பார்த்திருப்பார். அவரிடம் கேமரா இல்லை.

மறுபக்கம் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வாசகர்கள். அவருடைய நாவல் வரிசையின் ஐந்தாம் பாகம் 2011 ஜூலையில் வந்தது. அதை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் 2019-இல் முடிந்தே போயிற்று, ஆறாம் பாகம் இன்னும் வரவில்லை. அங்கே எதிர்வினையாற்றப் புத்தகமே இல்லை. ஆனால் எதிர்வினை நிற்கவில்லை. ஒரு முதியவரின் உடல்நலத்தை முன்வைத்து நடக்கும் கிண்டல்களில் பல, வாசகர் செய்யத் தகாதவை. கிங்குக்கு எழுதிய மூதாட்டியிடம் இருந்த மரியாதை அவற்றில் இல்லை.

டோல்கின் 1965-இல் தன் நூலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், இது அலுப்பூட்டுகிறது, அபத்தம் என்று சொன்னவர்களைக் குறிப்பிட்டு, அவர்கள் எழுதுவதைப் பற்றித் தனக்கும் அதே அபிப்பிராயம்தான் என்று முடித்துக்கொண்டார். பதினோரு ஆண்டு கழித்து அப்படிச் சொல்ல முடிந்தது. இன்றைய எழுத்தாளருக்கு அந்த அவகாசம் கிடையாது.

‘ஸ்டார்ம்லைட்’ மொத்தம் பத்துப் பாகம் என்பது திட்டம். முதல் ஐந்தும் வந்துவிட்டன; ஆறாம் பாகம் 2031 வாக்கில்தான் என்று சாண்டர்சன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஏழு ஆண்டு இடைவெளி. ‘விண்ட் அண்ட் ட்ரூத்’ பற்றிய சச்சரவும் இப்போது ஓய்ந்துவருகிறது. முதல் பாகமான ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ நூலை யார் சொல்லையும் காதில் போட்டுக்கொள்ளாமல் தொடங்க நினைப்பவர்கள் இப்போதே தொடங்கலாம்.