சிலம்ப வகுப்பில் சேர்க்கும் முன்...

"பிள்ளையைச் சிலம்பத்துக்கு விடணும், எங்க விடலாம்?" பள்ளிக்கு லீவு விட்டதும் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் பக்கம் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஆர்வம் கூடியிருப்பதில் வியப்பில்லை.

பணம் கட்டும் முன் ஒருநாள் வகுப்பை நேரில் பாருங்கள். நல்ல ஆசான் எடுத்த உடனே கம்பைச் சுழற்றச் சொல்ல மாட்டார். முதலில் காலடி பழக்குவார். பிள்ளையின் உயரத்துக்கும் கைபலத்துக்கும் ஏற்ற கம்பைத்தான் கொடுப்பார். ஆளுக்கு ஆள் போதிய இடைவெளி இருக்கிறதா, எதிரெதிர் நின்று பழகும்போது தலைக்கவசம் போடுகிறார்களா என்று கவனியுங்கள்.

"பெற்றோர் இங்க உட்காரக் கூடாது" என்று சொன்னால் அந்த இடமே வேண்டாம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று "போமாட்டேன்" என்றால் திட்டாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். அடி, அத்துமீறல் எதுவானாலும் 1098 எண்ணுக்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது.

சான்றிதழ் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. எல்லாச் சங்கங்களின் சான்றிதழும் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

பெரியவர்களும் தாராளமாகக் கற்கலாம். மூட்டுவலி, ரத்த அழுத்தம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கம்பைத் தொடுங்கள்.