சாலையும் சட்டமும் – 9: பிழை தேடாத இழப்பீடு

எதிர்த்தரப்பின் அஜாக்கிரதையை நிரூபித்து நஷ்டஈடு பெறுகின்ற, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவைச் சென்ற வாரம் பார்த்தோம். பிழை யாருடையது என்ற வினாவையே எழுப்பாமல் ஒரு தொகையை உறுதி செய்கின்ற 164-ஆம் பிரிவை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். அதன் அருமையையும் அபாயத்தையும் ஒருசேர உணர்வதற்குத் தடாவைப் போன்ற எல்லையூர் தக்க இடமாகும்.

ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்குகின்ற இடத்தில், சென்னையையும் கல்கத்தாவையும் இணைக்கும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின்மீது அமைந்த இவ்வூரில், பல ராஜ்யங்களின் பதிவெண் தாங்கிய லாரிகளும், ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிச் செல்லும் பஸ்களும், ஷிப்டு முடிந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் வீடு திரும்புவோரின் மோட்டார் சைக்கிள்களும் இரவு பகலாக ஒரே பாதையில் ஓடுகின்றன. அப்படித் திரும்புகின்ற தொழிலாளி ஒருவர் வெளிமாநில லாரியில் அடிபட்டு உயிரிழந்ததாக வைத்துக்கொள்வோம். பைக்தான் குறுக்கே வந்தது என்பார் லாரி ஓட்டுநர்; கண்ணால் கண்டவர் தம் வழியே போயிருப்பார்; முதல் தகவல் அறிக்கையோ தெலுங்கில் இருக்கும். இந்நிலையில் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டிய பாரம் முழுவதும், அடுத்த மாத வாடகைக்கே வழியறியாத அவருடைய மனைவியின் தலையில் விழுமானால், சட்டத்தில் உரிமை இருந்தும் பயன் என்ன?

இவ்வினாவை உலகம் பல காலமாகக் கேட்டு வந்திருக்கிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 1946-இலும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் 1971-இலும், நியூசிலாந்து 1974-இலும், பிழையை ஆராய்வதற்கு முன்னே பாதிக்கப்பட்டவரை ஆதரிக்கும் ஏற்பாடுகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் நாட்டிலோ, அஜாக்கிரதை நிரூபணமானாலன்றி நஷ்டஈடு இல்லை என்று மீனு மேத்தா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறியபின், அக்குறையை நீக்கும் பொறுப்பு பார்லிமெண்டின்மீது விழுந்தது. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டு 1982 அக்டோபர் 1 முதல் அமலான 92-ஏ பிரிவு, மரணத்துக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் வழங்கியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு அத்தொகைகளை 25,000, 12,000 என்றும், 1994-இல் வந்த திருத்தம் 50,000, 25,000 என்றும் உயர்த்தின. இன்றுள்ள 164-ஆம் பிரிவு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிறந்து 2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நெல்லூர் மாவட்டத்திலிருந்த தடா, புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது அதற்கு மூன்று நாள் கழித்துத்தான்.

இப்பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 2½ லட்சம் ரூபாயும் வாகன உரிமையாளராலோ அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியாலோ தரப்பட வேண்டும். தண்டனைச் சட்டத்தின் வரையறையில் எலும்பு முறிவும் கொடுங்காயமே. வாகனத்தால் விபத்து நேர்ந்தது, அதனால் இன்ன தீங்கு விளைந்தது, வாகனத்துக்குப் பாலிசி இருந்தது என்பவற்றைக் காட்டினால் போதும். வேகத்தையோ தவற்றையோ மனுவில் சொல்லவும் வேண்டாம், சாட்சி வைத்து நாட்டவும் வேண்டாம். இதற்கு முன்னோடியான 163-ஏ பிரிவைக் குறித்து, இறந்தவரே அஜாக்கிரதையாக இருந்தார் என்று கம்பெனி வாதாட இயலாது என உச்ச நீதிமன்றம் 2017-இல் சுனில் குமார் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆனால் வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படாமல், தம் சொந்த வண்டியைத் தாமே ஓட்டிச் சறுக்கி விழுந்த உரிமையாளர், தம் வண்டியின் மூன்றாம் நபர் பாலிசியிடம் இத்தொகையைக் கேட்க முடியாது; அவருக்கு உரியது 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றே.

இனி அபாயத்துக்கு வருவோம். நாம் எடுத்துக்கொண்ட தொழிலாளிக்கு வயது 30, மாதச் சம்பளம் 20,000 ரூபாய், நிரந்தரமல்லாத வேலை, மனைவியும் இரு குழந்தைகளும் அவரை நம்பி இருந்தார்கள் என்று கொள்வோம். 166-ஆம் பிரிவின்கீழ் லாரியின் தவறு நிரூபணமானால், ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாயோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்து 3,36,000 என்றாக்கி, இறந்தவரின் சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சிய 2,24,000-ஐ அவ்வயதுக்குரிய 17-ஆல் பெருக்கினால் 38,08,000 ரூபாய் வருகிறது. சரளா வர்மா, பிரணய் சேத்தி ஆகிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு இது. கம்பெனி அலுவலர் முன்வைக்கும் 5 லட்சத்துக்குச் சம்மதித்து, 149-ஆம் பிரிவின் முறைப்படி அதைப் பெற்றுக்கொண்டாலோ, தீர்ப்பாயத்தில் உள்ள மனு அத்துடன் காலாவதியாகிவிடும். எனவே தவறு லாரியுடையது என்பதற்குத் தக்க ஆதாரம் இருக்கும்போது, துயரத்தின் முதல் வாரத்தில் கையெழுத்திடுவது பெரும் நஷ்டமாக முடியும். தவறு இறந்தவருடையதாகவே தோன்றும்போதோ, சாட்சியமே இல்லாதபோதோ, இதே 5 லட்சம் குடும்பத்துக்குக் கிடைக்கத்தக்க ஒரே ரட்சணையாக அமையும்.

பழைய 140-ஆம் பிரிவில் இத்தகைய தர்மசங்கடம் இருந்ததில்லை. அத்தொகை சொற்பமேயானாலும், அதை உடனே பெற்றுக்கொண்டு, பெரிய வழக்கையும் ஒருவர் நடத்தலாம். பின்னர் கிடைக்கும் தொகையில் முன்னது கழிக்கப்படும். அந்த ஏற்பாடு நீக்கப்பட்டதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன். பசியைக் காட்டி உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்வது, பிழை தேடாத இழப்பீடு என்ற உயர்ந்த தத்துவத்துக்கே விரோதமானது. 164-ஆம் பிரிவின் தொகையை இடைக்கால உதவியாக வழங்கச் சட்டம் மீண்டும் இடம் தரவேண்டும்.

அதுவரையில் செய்யத்தக்கவை சில. விபத்து தடாவில் நிகழ்ந்திருந்தாலும், தாம் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்பதால், ஆந்திரக் கோர்ட்டுக்கு அலைய நேருமே என்று அஞ்சி எதற்கும் இணங்க வேண்டியதில்லை. போலீஸார் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தரவேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். தெலுங்கு ஆவணங்களை வாங்கிய கையோடு மொழிபெயர்த்து வையுங்கள். மனுவுக்குச் சட்டம் விதித்துள்ள கெடு 6 மாதம். கம்பெனி எழுதித் தரும் தொகையை ஏற்குமுன், மேற்கண்ட கணக்கை உங்கள் வக்கீலைக் கொண்டு ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மோதிய வாகனம் எதுவென்றே தெரியாதபோது 2 லட்சம் ரூபாய் வழங்கும் திட்டத்தை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)