சாலையோர இயந்திரங்கள் – 7: மஞ்சள் பெட்டியின் கணக்கு

போன வாரம் சிக்னலில் தாருக்கு அடியில் புதைந்து கிடக்கும் கம்பிச்சுருளைப் பார்த்தோம். இந்த வாரம் வேகக் கேமரா.

வண்டி ஓட்டுகிறவர்களின் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இந்தக் கருவியின் மூலவர், வேகமாக ஓட்டியே பேர் வாங்கியவர். மாரிஸ் காட்சோனிடெஸ், 1911ல் ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர். 1953ல் மான்டி கார்லோ ராலியை வென்றவர். வளைவில் தன் கார் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று சரியாகத் தெரிந்தால், அடுத்த முறை இன்னும் விரட்டலாமே என்றுதான் அளக்கத் தொடங்கினார். சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்கள். முதல் குழாயில் சக்கரம் ஏறினால் கடிகாரம் ஓடும். அடுத்ததில் ஏறினால் நிற்கும். இது போலீசுக்கு எவ்வளவு உதவும் என்பது பிறகு புரிந்தது. 1958ல் கம்பெனி தொடங்கினார். குழாய் போய் ரேடார் வந்தது. 1992ல் லண்டனின் மேற்கே ட்விக்கனம் பாலத்தில் பிரிட்டனின் முதல் ‘காட்சோ’ நின்றது.

அந்தப் பெட்டி வண்டியை முதுகுப் பக்கமிருந்துதான் பிடிக்கும். எதிரே ஃபிளாஷ் அடித்தால் ஓட்டுகிறவரின் கண் கூசிவிடும். பெட்டியிலிருந்து ஏறக்குறைய 24 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை போகிறது. விலகி ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் ஒரு துளி குறைந்திருக்கும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 45 ஹெர்ட்ஸ். 2,400 கோடியில் 45 என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் போன அலையையும் வந்த அலையையும் கலந்துவிட்டால் வித்தியாசம் மட்டும் தனியாக நிற்கும். அறுபதில் போகும் காருக்கு அது 2,700 ஹெர்ட்ஸ். ஒலிபெருக்கியில் கொடுத்தால் காதால் கேட்கக்கூடிய விசில். அந்த விசிலின் சுருதியைத்தான் கருவி வேகமாகப் படிக்கிறது.

இதை மட்டும் நம்பி அபராதம் போடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பக்கத்தில் போகும் லாரியின் தகரத்தில் அலை பட்டுத் திசைமாறலாம். இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வீச்சுக்குள் வரலாம். அதனால் காட்சோ அரை நொடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கிறது. சாலையில் சம இடைவெளியில் குறுக்கு வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். கோடுகளுக்கு நடுவே இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே சக்கரம் ஐந்து கோடு தாண்டியிருந்தால், அரை நொடியில் பத்து மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர். பென்சிலும் ஸ்கேலும் போதும். ரேடார் சொன்னதும் கோடு சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் படத்தைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

எல்லாப் பெட்டியிலும் கேமரா இருந்தது என்று நினைக்க வேண்டாம். இருக்கிற சில கேமராக்களைப் பல பெட்டிகளுக்கு மாற்றி மாற்றி வைத்தார்கள். பிலிம் சுருள் தீர்ந்தால் ஆள் வந்து மாற்றும்வரை கேமரா இருந்தும் பயனில்லை. சாம்பல் நிறத்தில் ஒளிந்து நின்றவற்றுக்கு 2001க்குப் பிறகு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அபராதம் வசூலிப்பதல்ல, வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மஞ்சள் பெட்டியைப் பார்த்ததும் பிரேக், தாண்டியதும் ஆக்சிலேட்டர். இந்தத் தந்திரம் பிரிட்டனுக்கும் நமக்கும் பொது. அதற்குப் பதில்தான் சராசரி வேகக் கேமரா. பிரிட்டனின் நாட்டிங்ஹாமிலும் வந்தது. ரேடாரே கிடையாது. ஒரு முனையில் நம்பர் பிளேட்டைப் படித்து நேரம் குறிக்கும். மறுமுனையில் இன்னொரு கேமரா அதே பிளேட்டைப் படிக்கும். பத்து கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் கடந்தால் 120தான். நடுவில் எங்கே பிரேக் அடித்தீர்கள் என்ற பேச்சே இல்லை. அகச்சிவப்பு ஒளி என்பதால் இரவிலும் ஃபிளாஷ் தெரியாது.

இப்போதைய கேமராக்கள் காருக்குள்ளும் எட்டிப் பார்க்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2019 டிசம்பரிலிருந்து மேலிருந்து கண்ணாடி வழியாகப் படமெடுத்து, கையில் செல்போன் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் தேடுகிறது. சந்தேகப்பட்ட படங்களை மனிதர்கள் பார்த்த பிறகே நோட்டீஸ்.

ஆனால் காட்சோ பின்னாலிருந்து எடுத்த படத்தில் தெரியாத ஒன்று, ஓட்டியது யார் என்பது. நோட்டீஸ் வண்டிக்காரரின் பெயருக்கு வரும். ஓட்டியவர் யாரென்று அவர்தான் எழுதித்தர வேண்டும். பிரிட்டன் அரசியல்வாதி கிறிஸ் ஹ்யூனின் கார் 2003ல் எம்11 சாலையில் கேமராவில் சிக்கியபோது, ஓட்டியது தான்தான் என்று அவர் மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்டார். பிற்பாடு மணவாழ்க்கை முறிந்ததும் உண்மை பத்திரிகைக்குப் போனது. அதற்குள் ஹ்யூன் அமைச்சராகியிருந்தார். 2012ல் பதவி போயிற்று. 2013ல் இருவருக்கும் தலா எட்டு மாதம் சிறை. வேகத்துக்கு அல்ல, பொய்க்கு.

(தொடரும்)